பாக்ஸ்டர் மகனுக்கு ருவைஸில் நடந்த தேர்வு

படம் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தது. டெலிவிஷன் பெட்டியின் மேல்பாதியில் கால்கள், கீழ்ப்பாதியில் ஹெல்மெட் போட்ட தலைகள், நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. நிறம் என்று ஒன்றும் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம். அபுதாபிப் பக்கம் ருவைஸில், எங்கள் வெல்டிங் சூப்பரின்டெண்டென்ட் பாக்ஸ்டருடைய போர்ட்டா கேபினில், ஏ.சி.யின் இரைச்சலுக்கு நடுவே நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அதோ பார் ராம், பன்னிரண்டாம் நம்பர். என் பையன் டேனி" என்றார் பாக்ஸ்டர்.

பன்னிரண்டாம் நம்பரின் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "ரொம்ப நல்ல பையன் சார்" என்றேன்.

பக்கத்தில் இருந்த டைம் கீப்பர் சிவபாதம் முகத்தை அசைக்காமல் தமிழில் கேட்டார்: "எதைப் பாத்துச் சொல்லுறீங்கள் ஐசே? சப்பாத்தையோ?"

சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர், ஷூவைச் சப்பாத்து என்பார். ஒருவரைப் பாராட்டினால் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைப்பவர் மாதிரி இருப்பார். நானோ திருநெல்வேலி. ஒருத்தர் தன் பிள்ளையைக் காட்டினால், பிள்ளை எப்படி இருந்தாலும் நல்ல பிள்ளை என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். போட்டோவைத் தலைகீழாகக் கொடுத்தாலும் சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

(போன வாரம் கேம்ப் மெஸ் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அந்தச் சோத்தையா இவ்வளவு புகழ்ந்திருக்கீங்க?" என்று என் மனைவி வசந்தா கேட்டாள். சொன்னேனே, பழக்கம்.)

எல்லா நாட்டுக் கேசட்டும் பாடும்

படம் ஏன் மேலே மேலே ஓடியது என்றால், அமெரிக்கக் கேசட் எங்கள் ஊர் வி.சி.ஆரில் ஒழுங்காக ஓடாது. அவர்கள் முறை வேறு, நம் முறை வேறு. பாக்ஸ்டருக்கு இது தெரியாது. பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். கால்கள் கீழே வந்தன, தலைகள் மேலே போயின, மறுபடி பழையபடி ஆனது.

அடுத்த வாரம் வேறு வி.சி.ஆர். வாங்க அவரை துபாயில் இருக்கும் தேராவுக்கு அழைத்துப் போனேன். அந்தக் காலத்தில் ருவைஸிலிருந்து துபாய்க்குப் போவது என்றால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். வழியில் பார்க்க ஒட்டகம் உண்டு. ஒட்டகத்தைப் பார்த்து முடித்ததும் மறுபடி ஒட்டகம்.

கடைக்காரர் கீழக்கரைக்காரர், அண்ணனைக் காக்கா என்கிற ஊர். "எடுத்துட்டுப் போங்க காக்கா. அமெரிக்கா கேசட்டு, ஜப்பான் கேசட்டு, நம்மூரு கல்யாணக் கேசட்டு, எல்லாம் பாடும்" என்றார் என்னிடம். பாக்ஸ்டரிடம் திரும்பி, "ஆல் கன்ட்ரி, நோ ப்ராப்ளம், கலாஸ்" என்று அரபியில் முடித்தார். பாக்ஸ்டர் பேரம் பேசாமல் வாங்கிவிட்டார். கடைக்காரருக்கு முகமே வாடிவிட்டது. இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

கேசட்டுகளை பாக்ஸ்டரின் மனைவி டெக்ஸாஸிலிருந்து தபாலில் அனுப்புவார். வெளிநாட்டிலிருந்து வரும் கேசட்டை சென்சார் அலுவலகத்தில் ஒருவர் முழுக்கப் பார்த்த பிறகுதான் நம் கையில் கொடுப்பார்கள். ஆகவே டேனி ஆடிய எல்லா ஆட்டத்தையும் எங்களுக்கு முன்னால் பார்த்த ஒரு மனிதர் அபுதாபியில் இருந்திருக்கிறார். அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தால் என் வேலை மிச்சமாகியிருக்கும். ஒரு கேசட்டில், இடைவேளையில் பெண்கள் ஆடும் இடம் மட்டும் வெறும் கோடுகளாக இருந்தது. சிவபாதம்தான், "என்னவோ முக்கியமான கட்டம் விடுபட்டுப் போச்சுப் போல" என்றார்.

எங்கட கதைதான்

அந்த ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பேர் ஃபுட்பால், ஆடுவது கையால். குவார்ட்டர்பேக் என்று ஒருவன் நடுவில் நின்று பந்தை வாங்கி, தூரத்தில் ஓடுகிற தன் ஆளுக்கு எறிய வேண்டும். அவன் எறிவதற்குள் அவனைத் தரையில் சாய்க்க எதிரணியில் நான்கைந்து மலைகள் ஓடி வரும். டேனி கல்லூரிக் கடைசி வருஷம். அவன்தான் அந்த நடுவில் நிற்பவன்.

வசந்த காலத்தில் தொழில்முறை அணிகள் எல்லாம் ஒரு ஹாலில் கூடி, கல்லூரிப் பையன்களில் யார் யார் வேண்டும் என்று முறை வைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் உயரம் அளப்பார்கள், உள்ளங்கை அகலம் அளப்பார்கள், ஓடவிட்டுப் பார்ப்பார்கள், டாக்டர் முழங்காலை மடக்கிப் பார்ப்பார். எந்த அணி எடுக்கிறதோ அந்த ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"எந்த இடத்துக்குப் போறதெண்டு பெடியன் கேக்க ஏலாதோ?" என்றார் சிவபாதம்.

"முடியாது."

"மெடிக்கலும் இருக்கு?"

"இருக்கு."

"அப்ப எங்கட கதைதான். இதுக்கு ஏன் ஐசே தலையில சட்டி?"

பாக்ஸ்டருக்கு இருந்த கஷ்டம் இதுதான். டேனி படித்த பழைய பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வாத்தியார் வேலை காத்திருந்தது. பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித்தர வேண்டும், ஆட்டமும் சொல்லித்தர வேண்டும். சின்ன ஊர். ஹெட்மாஸ்டர் அந்தத் தேர்வுக்கு முன்னாலேயே பதில் கேட்டிருந்தார். சரி என்று வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான், தேர்வை மறந்துவிட வேண்டும். தேர்வுக்காகக் காத்திருந்து, அங்கே யாரும் பெயர் சொல்லவில்லை என்றால், பள்ளிக்கூட வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று டேனி போனில் கேட்டிருந்தான்.

கேம்பில் அமெரிக்கர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் கேட்காமல் எங்களை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று பாக்ஸ்டரைக் கேட்டேன்.

"ஆட்டம் தெரிந்தவன் எல்லாம் எனக்குக் கீழே வேலை பார்க்கிறான்" என்றார். "எல்லாரும் என் முதுகில் தட்டுகிறார்கள். உனக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் உனக்கு ஆள் எடுக்கத் தெரியும். இந்த மனுஷனுக்கு, எவன் வேலை செய்கிறான், எவன் வேலை செய்கிற மாதிரி நிற்கிறான் என்று தெரியும்." சிவபாதத்தைக் காட்டிச் சொன்னார். அவர் சொன்னதில் கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

வீட்டில் வந்து சொன்னேன். வசந்தா முறுக்கு டப்பாவை மூடிக்கொண்டே, "ஏங்க, என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்க ரெண்டு வருசமா உங்களுக்கு நேரமில்ல. வெள்ளக்காரன் மகனுக்கு வேலை பாக்க மட்டும் வாராவாரம் போறீங்களாக்கும்" என்றாள். முறுக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பம்பாயில் ஒரு வாக்கியம்

எனக்கு ஆள் எடுக்கத் தெரியும் என்று அவர் சொன்னது பம்பாயை வைத்து. நான் பெர்சனல் டிபார்ட்மென்ட். வருஷத்துக்கு ஒரு தடவை பாக்ஸ்டரும் நானும் பம்பாய் போய் வெல்டர்கள் எடுப்போம். ஏஜென்ட்டின் தகரக் கொட்டகையில் குழாயைச் சாய்வாக மாட்டியிருக்கும். ஒருத்தன் அதைச் சுற்றி வெல்டிங் செய்ய வேண்டும். மேலே செய்வது சுலபம். குழாயின் அடிப்பக்கம் வரும்போது, குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, நெருப்புப் பொறி சட்டைக்குள் விழ விழக் கை ஆடாமல் செய்கிறானா என்று பாக்ஸ்டர் பார்ப்பார். குழாய் ஆறியதும் பெருவிரலால் தடவிப் பார்த்து, என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டுவார், மேலும் கீழுமாக அல்லது பக்கவாட்டில்.

சொல்வது என் வேலை. எடுத்துவிட்டோம் என்றால், கையை நீட்டி, "பாஸ்போர்ட்" என்பேன். வேறொன்றும் சொல்ல வேண்டாம். அவன் இரண்டு கையாலும் கொடுப்பான். எடுக்கவில்லை என்றால், "தகவல் அனுப்புவோம்" என்பேன். தமிழனுக்குத் தமிழில், மற்றவனுக்கு ஹிந்தியில், படித்தவனாக இருந்தால் ஆங்கிலத்தில். எப்போது அனுப்புவீர்கள் என்று ஒருவன்கூடக் கேட்டதில்லை. ஹெல்மெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி சார்" என்று போய்விடுவான்.

முதல் வருஷம் பாக்ஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. "இல்லை என்று ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய்?"

"சொல்லிவிட்டேனே சார்."

"தகவல் அனுப்புவோம் என்றாய்."

"ஆமாம். இல்லை என்று சொன்னேன்."

"அவனுக்குப் புரிந்ததா?"

"போய்விட்டானே சார்."

ஃபெயில் என்று ஒருத்தனின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது. அன்றும் வராது, இன்றும் வராது. மூன்றாம் வருஷத்திலிருந்து நான் டீ குடிக்கப் போயிருந்தால் பாக்ஸ்டரே "தகவல் அனுப்புவோம்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

எதிரணிப் பையன்

புது வி.சி.ஆர். வந்ததும் டேனிக்கு முகம் வந்தது. அப்பாவின் தாடை, அம்மாவின் கண்ணாக இருக்க வேண்டும். கேசட் கேசட்டாகப் பார்த்தோம். பாக்ஸ்டர் ஒரு ஸ்டூலை டி.வி.க்கு முன்னால் போட்டுக்கொண்டு, ரிமோட்டால் முன்னும் பின்னும் ஓட்டி, "பார், இப்போது பார்" என்பார். கை நல்ல கைதான். அவசரம் இல்லாதபோது எறிந்தால் சொன்ன இடத்துக்குப் போகும். மலைகள் ஓடி வரும்போதுதான் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். குழாயின் அடிப்பக்கம் வந்ததும் கை நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்றும் பார்த்தேன். ஒவ்வொரு தடவை எல்லாரும் விழுந்து எழும்போதும், டேனி தன் ஆட்களை ஒவ்வொருத்தனாகக் கை கொடுத்துத் தூக்கிவிட்ட பிறகுதான் நகர்வான். சமயத்தில் எதிரணிக்காரனையும் தூக்கிவிடுவான். ஒருமுறை டேனி அருமையாக எறிந்த பந்தை அவனுடைய ஆள் ஒருத்தன் கைக்கு வந்தும் நழுவவிட்டான். கூட்டம் கத்தியது. அவன் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். டேனி ஓடிப்போய் அவன் காதில் என்னவோ சொன்னான். அவன் சிரித்துவிட்டான்.

"என்ன சொல்லியிருப்பான்?" என்றார் சிவபாதம். அவர் ஒரு விஷயத்தில் அக்கறை காட்டியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக ஒரு கேசட் வந்தது. பெரிய கல்லூரியோடு ஆடிய ஆட்டம். எதிரணிக் குவார்ட்டர்பேக் ஒல்லியாக, நெட்டையாக, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன் மாதிரி இருந்தான். மலைகள் அவன் மேல் வந்து விழும். அவன் விழுந்துகொண்டே எறிவான். பந்து நேராகப் போய் ஆளின் மார்பில் உட்காரும். ஒரு தடவை தற்செயல் என்று நினைத்தோம். அப்புறம் அப்படி நினைக்கவில்லை. டேனியின் பந்து ஆகாயத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு வரும், இவனுடையது யோசிக்கவில்லை.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. டேனி பந்தை வாங்கும்போது நான் முறுக்கை எடுக்கிறேன், சிவபாதம் டீயைக் குடிக்கிறார். அந்த நெட்டையன் வாங்கும்போது இரண்டு பேரும் நிமிர்ந்து உட்காருகிறோம். மெதுவாக பாக்ஸ்டரைப் பார்த்தேன். ரிமோட் அவர் மடியில் கிடந்தது. நெட்டையன் எறிந்த ஒரு பந்தை அவரே பின்னால் ஓட்டி இரண்டாம் தடவை பார்த்தார்.

கேட்கக் கூடாத கேள்வி

கேசட் முடிந்து திரை நீலமாகிவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே யாரோ ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள்.

பாக்ஸ்டர் ஸ்டூலை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டார். "இன்று சாயங்காலம் நான் பையனுக்கு போன் பண்ண வேண்டும். நாளைக்கு அவன் பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல் ராம். எடுப்பார்களா?"

பெரிய மனிதர். பம்பாயில் அவர் பெருவிரலுக்கு நடுங்காத வெல்டர் கிடையாது. இப்போது அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்த விதம், கொட்டகைக்குள் நாற்காலி நுனியில் உட்காருவார்களே, அதே மாதிரி இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எடுப்பார்கள் சார், நிச்சயம் எடுப்பார்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அந்தப் பையனின் பள்ளிக்கூட வேலை போகும். எடுக்க மாட்டார்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பெற்ற அப்பன் எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

சிவபாதம் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்…" என்றேன். பிறகு என்னையும் அறியாமல், பம்பாயில் சொல்கிற அதே குரலில், ஆங்கிலத்தில், "தகவல் அனுப்புவோம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபப்படப் போகிறார், வேலை போகப் போகிறது, வசந்தாவிடம் என்ன சொல்வது என்றெல்லாம் எனக்கு ஓடியது. அவர் தலையை மேலும் கீழுமாக மெதுவாக ஆட்டினார்.

"சரி சார்" என்றார் என்னைப் பார்த்து. முப்பது வருஷ சர்வீஸில் ஒரு அமெரிக்கன் என்னை சார் என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

கதவு வரை போன என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "என் பையன் உன்னிடம் வேலை கேட்டு வந்திருந்தால் எடுப்பாயா?"

"வெல்டராகவா சார்?"

"எதுவாகவாவது."

இதற்கு எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விழுந்தவனைத் தூக்கிவிட்டு நடந்த பையன் கண்ணிலேயே நின்றான். "ஃபோர்மேனாக எடுப்பேன் சார். பாஸ்போர்ட்டைக் கையோடு வாங்கிக்கொள்வேன்" என்றேன். இது பழக்கத்தில் சொன்னது இல்லை.

போன் பேசிய மறுநாள்

மறுநாள் காலை பாக்ஸ்டர் என் மேஜைக்கு வந்தார். அவர் பெர்சனல் டிபார்ட்மென்ட்டுக்கு வந்தால் யாரையோ ஊருக்கு அனுப்பப் போகிறார் என்று அர்த்தம். ஆபீஸில் டைப் சத்தம் நின்றுவிட்டது.

"பள்ளிக்கூட வேலையை எடுத்துக்கொள் என்று பையனிடம் சொன்னேன்" என்றார். "அப்புறம் சொல்கிறான், போன மாதமே சரி என்று சொல்லிவிட்டானாம். என்னிடம் சொல்லப் பயமாக இருந்ததாம். நான் கேசட் கேசட்டாகப் பார்க்கிறேன் என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாள்."

நான் கேட்டேன்: "பிறகு சார்?"

"அழுதான்" என்றார். யார் முதலில் என்று நான் கேட்கவில்லை.

அந்த வசந்த காலத்தில் அமெரிக்காவில் தேர்வு நடந்தது. நெட்டையன் பெயரை ஆரம்பத்திலேயே கூப்பிட்டார்களாம். டேனியை யாரும் கூப்பிடவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. என் கணிப்பு சரியாகிவிட்டதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. செய்தி வந்த அன்று பாக்ஸ்டர் சைட்டுக்குப் போய், வழக்கம்போலப் பெருவிரலால் எல்லாக் குழாயையும் தடவினார். ஒருத்தனையும் ஃபெயில் பண்ணவில்லை. வெல்டர்கள் இன்னும் அதிகமாகப் பயந்துபோனார்கள்.

சென்சார் தாண்டி வந்த கேசட்

வெயில் இறங்கி, ஸ்வெட்டரைத் தேடுகிற காலத்தில் இன்னொரு கேசட் வந்தது. பாக்ஸ்டர் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்று சாயங்காலமே எங்களைக் கூப்பிட்டார். வசந்தாவும் வந்தாள். அந்தப் பையனை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றாள்.

பள்ளிக்கூட மைதானம். புல்லை விட மண் அதிகம். பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகள், தலைக்குப் பெரிய ஹெல்மெட் போட்டுக்கொண்டு எதிரெதிர் திசையில் ஓடினார்கள். கேமராவைப் பிடித்தவர் பாக்ஸ்டரின் மனைவி. ஆட்டத்தை விட மகனைத்தான் அதிகம் காட்டினார். டேனி தொப்பி போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது.

"இந்தப் பிள்ளையா ஆகாதுன்னு சொன்னீங்க?" என்று வசந்தா என்னைக் கிள்ளினாள்.

ஒரு பொடியன் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். பெரிய ஆட்டம் போலிருக்கிறது, கூட்டம் கத்தியது. அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். டேனி கோட்டைத் தாண்டி ஓடினான். கை கொடுத்துத் தூக்கிவிட்டான். குனிந்து ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் என்னவோ சொன்னான். பொடியன் தோள் குலுங்கச் சிரிப்பது இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

வாழ்க்கையில் யாரையும் புகழாத சிவபாதம், டி.வி.யைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னார்:

"ஐசே, பாஸ்போட்டை வாங்குங்கோ."

பாக்ஸ்டருக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு வார்த்தை தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண் நிறைந்திருந்தது என்று நினைக்கிறேன், என்னுடையது நிறைந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, பம்பாயில் நான் நீட்டுவேனே அதேபோல, வலது கையை டி.வி.யை நோக்கி நீட்டினார். கேசட் முடிந்து திரை நீலமாகும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.